எக்ஸ் கதிரால் படிகத்தின் வெப்ப விரிவை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்வெப்ப எக்ஸ் கதிர்க் கருவியின் முன் முதன்முதலாக உட்காரும் மாணவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் நானே ஒரு காலத்தில் கேட்டவை. எல்லாப் பதிலும் ஒரே நீளத்தில் இருக்காது. எங்கே அதிகம் தவறு நடக்கிறதோ அங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

எக்ஸ் கதிரை வைத்து விரிவை எப்படி அளக்க முடியும்?

படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. இந்த அடுக்குகள் மீது எக்ஸ் கதிர் பட்டால் சில குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் பலமாகத் திரும்பி வரும். அந்தக் கோணத்துக்கான விதியை 1912இல் லாரன்ஸ் பிராக் கண்டறிந்தார்: அடுக்கிடைத் தூரத்தின் இரு மடங்கை தீட்டா கோணத்தின் (கதிருக்கும் அடுக்குக்கும் இடையிலான கோணம்) சைனால் பெருக்கினால், அது அலைநீளத்தின் முழு எண் மடங்காக இருக்க வேண்டும். செம்புக் குழாயிலிருந்து வரும் கதிரின் அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம் என்று நமக்குத் தெரியும். கோணத்தை அளந்துவிட்டால் தூரம் கிடைத்துவிடும்.

சூடாக்கினால் அடுக்குகள் விலகுகின்றன, கோணம் குறைகிறது. கோணத்துக்குக் கோணம் கதிரின் வலிமையைக் காட்டும் வரைபடத்தில் பீக்குகள் (கதிர் பலமாகத் திரும்பும் உச்சிகள்) இடப்பக்கம் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்த வரைபடத்தில் குறிப்பது தீட்டாவின் இரு மடங்கை; கீழே பீக்குகளுக்குத் தரும் கோணங்களும் அப்படியே. எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து அணிக்கோவை மாறிலி, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டியின் பக்க நீளம், எவ்வளவு கூடியது என்று கணக்கிடுகிறோம். கொள்கை அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் அந்த நகர்வை எப்போது நம்பலாம் என்பதைப் பற்றியது.

பொருள் ஏன் விரிகிறது?

அணுக்களுக்கு இடையிலான விசை சரியான சுருள்வில் போல நடந்துகொண்டால், எவ்வளவு சூடாக்கினாலும் அணுக்களின் சராசரி இடம் மாறாது. அதிர்வு மட்டும் கூடும். உண்மையில் இரண்டு அணுக்களை நெருக்குவது கடினம், விலக்குவது அதைவிட எளிது. அதனால் அதிர்வு கூடக்கூட சராசரித் தூரம் விலகும் பக்கம் சாய்கிறது. பிணைப்பு வலுவாக இருந்தால் சாய்வு குறைவு: அறை வெப்பநிலையில் வைரத்தின் விரிவுக் குணகம் (நீளம் தன்னில் எத்தனை பங்கு கூடுகிறது என்பது) ஒரு டிகிரிக்கு சுமார் 1 × 10⁻⁶. சமையல் உப்புக்கு அது சுமார் 40 × 10⁻⁶.

டைலடோமீட்டர் இருக்கிறதே, அதில் ஒரு துண்டை வைத்து நீளத்தை அளந்தால் போதாதா?

பல வேலைகளுக்குப் போதும். உங்களுக்கு வேண்டியது ஒரு செங்கல்லோ ஒரு உலோகக் கம்பியோ எவ்வளவு நீளும் என்பதானால் டைலடோமீட்டரே சரியான கருவி. ஆனால் அது அளப்பது துண்டின் நீளத்தை. துண்டுக்குள் துளை, விரிசல், பல திசைகளில் கிடக்கும் படிகத் துணுக்குகள் எல்லாம் சேர்ந்த கூட்டுக் கணக்கு அது. எக்ஸ் கதிர் அளப்பது அலகுக்கூட்டை, அதாவது மேலே சொன்ன அந்த மிகச் சிறிய பெட்டியை.

இரண்டும் எவ்வளவு வேறுபடலாம் என்பதற்கு அலுமினியம் டைட்டனேட் நல்ல எடுத்துக்காட்டு. அதன் படிகம் ஒரு அச்சில் நன்றாக விரியும், இன்னொரு அச்சில் சற்றே சுருங்கும். உலையில் சுட்டுக் குளிர்விக்கும்போது இந்த இழுபறியால் உள்ளே நுண்விரிசல்கள் விழுகின்றன. மறுபடி சூடாக்கினால் படிகங்கள் முதலில் அந்த விரிசல்களை நிரப்புகின்றன, துண்டு ஏறக்குறைய நீளவே நீளாது. டைலடோமீட்டர் மட்டும் வைத்திருந்தவர் ‘இது விரியாத பொருள்’ என்று எழுதிவிடுவார். எக்ஸ் கதிரில் பார்த்தால்தான் உள்ளே நடப்பது தெரியும்.

இதைவிட அழகான எடுத்துக்காட்டு 1960இல் வந்தது. சிம்மன்ஸ், பல்லுஃபி இருவரும் அலுமினியத்தின் நீளத்தையும் அதன் அணிக்கோவை மாறிலியையும் உருகுநிலைக்கு அருகே வரை ஒருசேர அளந்தார்கள். இரண்டும் ஒரே விகிதத்தில் கூடியிருக்க வேண்டும். நீளம் சற்று அதிகமாகக் கூடியது. காரணம், சூடு ஏற ஏற அணிக்கோவைக்குள் காலியிடங்கள் பிறக்கின்றன. அங்கிருந்து வெளியேறிய அணுக்கள் மேற்பரப்பில் போய்ச் சேர்ந்து புதிய அடுக்காகின்றன. துண்டு நீள்கிறது, அலகுக்கூட்டுக்கு அது தெரிவதில்லை. அந்தச் சிறு வேறுபாட்டை (மூன்று திசைகளிலும் நீள்வதால்) மூன்றால் பெருக்கி, உருகுநிலையில் பத்தாயிரம் இடங்களுக்குச் சுமார் 9 காலியிடம் என்று சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இரண்டு அளவுகோல்களின் வித்தியாசத்தால் எண்ணியது எனக்கு இன்றும் வியப்பு தருகிறது.

எந்தப் பீக்கைப் பார்க்க வேண்டும்?

உயர்கோணப் பீக்குகளை. ஒரே அளவு விரிவுக்கு ஒரு பீக் நகரும் தூரம் தீட்டாவின் டேன்ஜென்ட்டைப் பொறுத்தது. மக்னீசியம் ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். அறை வெப்பநிலையிலிருந்து 1000 டிகிரி செல்சியஸ் வரை அது சுமார் 1.3 சதவீதம் விரிகிறது. செம்புக் கதிரில் 42.9 டிகிரியில் நிற்கும் 200 பீக் (200, 420 போன்றவை எந்த அடுக்குக் குடும்பம் என்பதைக் குறிக்கும் எண்கள்) இதற்கு சுமார் 0.6 டிகிரி நகரும். 109.7 டிகிரியில் நிற்கும் 420 பீக் சுமார் 2.1 டிகிரி நகரும். மூன்றரை மடங்கு வித்தியாசம்.

ஆனால் உயர்கோணப் பீக்குகள் பலவீனமானவை. சூடு ஏற ஏற அணுக்களின் அதிர்வால் அவை இன்னும் தேய்ந்து போகும். ஆகவே அங்கே நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். ‘நேரமில்லை, 20 முதல் 60 டிகிரி வரை ஓட்டினேன்’ என்று வரும் தரவைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கட்டத்தை (மாதிரி எந்தப் படிக வடிவில் இருக்கிறது என்பதை) அடையாளம் காண அது போதும், விரிவை அளக்கப் போதாது. இன்னொன்று: செம்புக் குழாயின் கதிரில் மிக நெருங்கிய இரண்டு அலைநீளங்கள் இருப்பதால், உயர்கோணத்தில் ஆல்ஃபா ஒன்று, ஆல்ஃபா இரண்டு என்று பீக் இரண்டாகப் பிரியும். இரண்டையும் சேர்த்தே பொருத்துங்கள், உச்சியைக் கண்ணால் குறித்துக்கொள்ளாதீர்கள்.

மாதிரியின் உயரம் இவ்வளவு முக்கியமா?

ஆம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

வழக்கமான தூள் கருவியில் மாதிரியின் மேற்பரப்பு கோனியோமீட்டரின் (கோணத்தை அளக்கும் சுழல் அமைப்பின்) மையத்தில் இருக்க வேண்டும். அது மேலே ஏறினால் பீக்குகள் வலப்பக்கம் நகரும், கீழே இறங்கினால் இடப்பக்கம். சிலிக்கான் தூளை 25இலிருந்து 525 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், 28.44 டிகிரியில் உள்ள 111 பீக் வெப்ப விரிவால் சுமார் 0.05 டிகிரி இடப்பக்கம் நகரும். கருவியின் ஆரம் 200 மில்லிமீட்டராக இருந்து மாதிரி 0.1 மில்லிமீட்டர் மேலே எழும்பினால், அதே பீக் 0.056 டிகிரி வலப்பக்கம் நகரும். அதாவது ஒரு தாளின் தடிமன் அளவு உயர்வு 500 டிகிரி சூட்டின் விளைவு முழுவதையும் அழித்துவிடும். சூடாகும் தாங்கியும் தூணும் தாமே விரிபவை என்பதை நினைத்துப் பாருங்கள்.

நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது சீரியம் ஆக்சைடை அளந்தேன். பல வாரங்கள் எனக்கு 9 × 10⁻⁶ என்றே வந்தது. மற்றவர்கள் வெளியிட்ட மதிப்பு 12க்கு அருகில். தூளை மாற்றினேன், உலையை மாற்றினேன், மதிப்பு மாறவில்லை. கடைசியில் ஒரு மூத்த தொழில்நுட்பர் கருவியின் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “தம்பி, உன் தகடு நடுவில் வில் மாதிரி வளையுது பார்” என்றார். சூட்டில் நீண்ட பிளாட்டினம் தகடு போக இடமில்லாமல் மேல்நோக்கி வளைந்திருந்தது. நான் தாழ்கோணப் பீக்குகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டிருந்தேன். 0.15 மில்லிமீட்டர் எழும்பினாலே அந்தக் குறைவு வந்துவிடும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இதைச் சரிசெய்யச் சில வழிகள் உண்டு. உயரப் பிழை தீட்டாவின் கொசைனைப் பொறுத்துக் குறைகிறது, விரிவு டேன்ஜென்ட்டைப் பொறுத்துக் கூடுகிறது. இரண்டும் வெவ்வேறு சாயல் கொண்டவை என்பதால், அகன்ற கோண எல்லையில் பல பீக்குகளை அளந்தால் அவற்றைப் பிரித்துவிடலாம். 1945இல் நெல்சனும் ரைலியும் தந்த பழைய நீட்சி முறை இதைத்தான் செய்கிறது. வரைபடம் முழுவதையும் ஒரே கணக்கில் பொருத்தும் இன்றைய ரீட்வெல்ட் மென்பொருளில் மாதிரி இடப்பெயர்ச்சி என்ற மாறியும் அதுவே. ஒவ்வொரு வெப்பநிலையிலும் அதைத் தனியாகச் சரிசெய்ய விடுங்கள். அறை வெப்பநிலையில் கிடைத்த எண்ணை எல்லாவற்றுக்கும் பூட்டிவைப்பது பெரிய தவறு. முடிந்தால் விரிவு நன்கு தெரிந்த ஒரு பொருளையும் தூளோடு கலந்துகொள்ளுங்கள். இணைக்கற்றை அமைப்போ, கண்ணாடி நுண்குழாயில் ஊடுருவல் முறையோ கிடைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழியும்.

கருவி 800 டிகிரி என்று காட்டுகிறது. மாதிரியும் 800 டிகிரியில்தான் இருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. வெப்பநிலையை உணரும் தெர்மோகப்பிள் தகட்டின் அடியில் பற்றவைக்கப்பட்டிருக்கும். எக்ஸ் கதிர் பார்ப்பதோ தூளின் மேல்தோலை. கன உலோகச் சேர்மங்களில் சில மைக்ரோமீட்டர் ஆழத்துக்கு மேல் அது போவதில்லை. இடையே இருக்கும் தூள் நல்ல வெப்பக் காப்பு, அதிலும் வெற்றிடத்தில் துகளிலிருந்து துகளுக்குச் சூட்டைக் கடத்த வாயுவும் கிடையாது. மேல்தோல் அடியைவிடப் பல பத்து டிகிரி குளிர்ந்திருப்பது சாதாரணம். தூளை எத்தனாலில் குழைத்து மெல்லிய பூச்சாக இடுங்கள். மாதிரி ஒத்துக்கொண்டால் கொஞ்சம் ஹீலியம் விடுங்கள். நாற்புறமும் சூழ்ந்து சூடாக்கும் உலை இருந்தால், அடியிலிருந்து மட்டும் சூடாக்கும் தகட்டைவிட அதையே தேர்ந்தெடுப்பேன்.

பிறகு, வெப்பநிலையைப் படிகத்திடமே கேளுங்கள். குவார்ட்ஸ் 573 டிகிரியில் ஆல்ஃபாவிலிருந்து பீட்டாவாக மாறும். பொட்டாசியம் சல்ஃபேட் 583 டிகிரியில் மாறும். வெள்ளி 962 டிகிரியில் உருகி அதன் பீக்குகள் மறையும், தங்கம் 1064 டிகிரியில். உங்கள் கருவி எந்த எண்ணைக் காட்டும்போது இவை நடக்கின்றன என்று குறித்து ஒரு திருத்த வளைகோடு வரைந்து கொள்ளுங்கள். தாங்கியை மாற்றும்போதெல்லாம் மறுபடி வரையுங்கள். மக்னீசியம் ஆக்சைடு போன்ற ஒன்றைக் கலந்து, அதன் அணிக்கோவை மாறிலியிலிருந்து வெப்பநிலையைப் பின்னோக்கிக் கணக்கிடுவது இன்னும் நல்லது. அது அதே தோலில், அதே துகள்களின் பக்கத்தில் இருக்கும் வெப்பமானி.

எந்தத் தாங்கியில் வைப்பது?

காற்றில் என்றால் பிளாட்டினம். அதன் பீக்குகளும் வரைபடத்தில் தெரியும், 39.8 டிகிரியில் ஒன்று இருக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஈயம், பிஸ்மத், சிலிக்கான் போன்றவை உள்ள மாதிரிகளைச் சூடான பிளாட்டினத்தின் மீது வைக்கவே கூடாது. கலந்து உருகித் தகட்டில் ஓட்டை போட்டுவிடும். அவற்றுக்கு அலுமினாக் கிண்ணம் பாதுகாப்பானது. மிக உயர்ந்த வெப்பநிலைக்கு டங்ஸ்டனோ டான்டலமோ வேண்டும், அவை காற்றில் எரிந்து போகும், வெற்றிடம் கட்டாயம்.

எத்தனை வெப்பநிலைகளில் அளப்பது? எவ்வளவு நேரம் காத்திருப்பது?

50 டிகிரிக்கு ஒன்று என்பது நல்ல தொடக்கம். கட்டமாற்றம் எதிர்பார்க்கும் இடத்தில் 10 டிகிரிக்கு ஒன்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் 10 முதல் 20 நிமிடம் காத்திருந்து, ஒரே பீக்கை இரண்டு முறை அளந்து, அது நகரவில்லை என்று உறுதி செய்துகொண்டு முழு ஓட்டத்தைத் தொடங்குங்கள். இறங்கும்போதும் சில புள்ளிகள் எடுக்க மறக்க வேண்டாம்.

கணக்கை எப்படிப் போடுவது?

மக்னீசியம் ஆக்சைடின் மாறிலி 25 டிகிரியில் 4.212 ஆங்ஸ்ட்ராம், 1000 டிகிரியில் சுமார் 4.267. வித்தியாசம் 0.055. அதை 4.212ஆல் வகுத்து, பிறகு 975ஆல் வகுத்தால் 13.4 × 10⁻⁶. இது இந்த எல்லைக்கான சராசரிக் குணகம்.

இதே பொருளுக்கு அறை வெப்பநிலையில் கணநேரக் குணகம் (அந்த ஒரு வெப்பநிலையில் மட்டும் உள்ள விரிவு வீதம்) 10.5 × 10⁻⁶, 1000 டிகிரியில் ஏறக்குறைய 15 × 10⁻⁶. மூன்று எண்ணும் சரியே, மூன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில். கணநேரக் குணகம் வேண்டுமானால் எல்லாப் புள்ளிகள் வழியாகவும் இரண்டாம் படிப் பல்லுறுப்புக் கோவையைப் பொருத்தி, அதை வகையிட்டு, அந்தந்த வெப்பநிலையின் மாறிலியால் வகுங்கள். ஒருவரின் சராசரியை இன்னொருவரின் கணநேர மதிப்போடு வைத்து ‘ஒத்துப்போகவில்லை’ என்று எழுதிய ஆய்வேடுகளை நான் திருத்தியிருக்கிறேன்.

படிகம் கனசதுரமாக இல்லாவிட்டால்?

அப்போதுதான் எக்ஸ் கதிரின் உண்மையான பலம் தெரியும். கனசதுரத்துக்கு ஒரே குணகம். நாற்கோணம், அறுகோணம் என்றால் இரண்டு. செஞ்சாய்சதுரத்துக்கு மூன்று, ஒற்றைச்சரிவுக்கு நான்கு, முச்சரிவுக்கு ஆறு. ஒற்றைச்சரிவுப் படிகத்தில் பீட்டா கோணமும் சூட்டோடு மாறும். மூன்று நீளங்களை மட்டும் பட்டியலிட்டுக் கோணத்தை விட்டுவிட்டால் விரிவின் முதன்மைத் திசைகளைக் கண்டுபிடிக்கவே முடியாது.

திசைக்குத் திசை விரிவு மாறும் என்பது எக்ஸ் கதிருக்கு முன்பே தெரிந்த செய்தி. 1820களில் ஜெர்மானிய வேதியியலாளர் மிட்ஷர்லிஷ் கால்சைட் படிகத்தைச் சூடாக்கி, அதன் முகங்களுக்கு இடையிலான கோணம் மாறுவதைக் கண்டார். எல்லாத் திசையிலும் சமமாக விரிந்தால் கோணம் மாறாது. கால்சைட் தன் முக்கிய அச்சில் விரிகிறது, அதற்குச் செங்குத்தான திசையில் சுருங்குகிறது. கிராஃபைட்டும் அப்படியே: தளங்களுக்கு இடையே தாராளமாக விலகும், தளத்துக்குள் அறை வெப்பநிலையில் சற்றே சுருங்கும்.

எனக்கு எதிர்மறை விரிவு வருகிறது. தவறு செய்துவிட்டேனா?

முதலில் உயரத்தைச் சந்தேகியுங்கள். தகடு மேலே எழும்பினாலும் சுருங்குவதுபோலவே தெரியும். உயரத்தைத் திருத்திய பிறகும் எதிர்மறையாகவே நின்றால், மகிழ்ச்சியடையக் காரணம் இருக்கலாம்.

சிர்கோனியம் டங்ஸ்டேட் 0.3 கெல்வினிலிருந்து 1050 கெல்வின் வரை எல்லாத் திசையிலும் சமமாகச் சுருங்குகிறது என்று 1996இல் வெளியானது. அறை வெப்பநிலைக்கு அருகில் அதன் குணகம் சுமார் −9 × 10⁻⁶. எண்முகங்களும் நான்முகங்களும் ஆக்சிஜன் மூலைகளில் மட்டும் கோத்துக்கொண்ட தளர்வான கட்டமைப்பு அது. சூட்டில் அந்த மூலை ஆக்சிஜன்கள் பக்கவாட்டில் ஆடுகின்றன. ஆடும் கயிற்றின் இரு முனைகளும் நெருங்குவது போல உலோக அணுக்கள் நெருங்கிவருகின்றன. நாம் தினமும் அளவுகோலாகப் பயன்படுத்தும் சிலிக்கான்கூட சுமார் 18 முதல் 120 கெல்வின் வரை எதிர்மறையாக விரியும் பொருள்தான்.

சூடாக்கிக் குளிர்வித்த பிறகு மாறிலி பழைய மதிப்புக்குத் திரும்பவில்லை. ஏன்?

நீங்கள் அளந்தது வெப்ப விரிவு மட்டும் இல்லை என்று அர்த்தம். அரைத்த தூளில் அழுத்தம் மிச்சமிருந்து, சூட்டில் அது விலகியிருக்கலாம். நீர் வெளியேறியிருக்கலாம். சீரியம் ஆக்சைடு போன்றவை வெற்றிடத்தில் உயர்வெப்பத்தில் ஆக்சிஜனை இழக்கும். சீரியம் அயனி பெரிதாகி, அலகுக்கூடு சூட்டால் விரிவதற்கு மேலும் உப்பும். முதல் சுழற்சியைப் பதப்படுத்துவதற்காக ஒதுக்கி, இரண்டாம் சுழற்சியின் ஏறும் புள்ளிகளும் இறங்கும் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பாருங்கள். விழாவிட்டால் அந்தத் தரவில் குணகம் எடுக்க வேண்டாம்.

கட்டமாற்றத்தைத் தாண்டி அளக்கலாமா?

அளக்கலாம், ஆனால் ஒரே வளைகோட்டால் இரு பக்கத்தையும் இணைக்காதீர்கள். குவார்ட்ஸ் 573 டிகிரியை நெருங்க நெருங்க வேகமாக விரியும், அதைத் தாண்டியதும் விரிவு ஏறக்குறைய நின்றுவிடும். இரு பக்கத்தையும் தனித்தனியே பொருத்துங்கள்.

மெல்லிய படலத்துக்கு இதே முறை செல்லுமா?

நேரடியாகச் செல்லாது. படலம் அடித்தளத்தோடு ஒட்டியிருப்பதால் தளத்தின் விரிவையே அதுவும் பின்பற்ற வேண்டியிருக்கிறது. செங்குத்துத் திசையில் நீங்கள் அளக்கும் மாற்றத்தில் படலத்தின் விரிவும், அடித்தளம் இழுப்பதால் அதற்குள் வரும் தகைவும் (உள் அழுத்தமும்) கலந்திருக்கும். மாதிரியைச் சாய்த்துப் பல கோணங்களில் அளந்து தகைவைப் பிரித்தெடுக்க வேண்டும்.

இந்தியாவில் இந்த வேலை எங்கே நடந்திருக்கிறது?

ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழக இயற்பியல் துறையிலிருந்து 1960களிலும் 70களிலும் நல்ல அளவீடுகள் வந்தன. டைட்டானியம் டை ஆக்சைடின் இரு வடிவங்களான ரூட்டைல், அனடேஸ் இரண்டின் விரிவை அங்கே அளந்து 1970இல் வெளியிட்டார்கள். இன்றும் மேற்கோள் காட்டப்படும் எண்கள் அவை.

கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அணு எரிபொருள் தொடர்பான ஆக்சைடுகளை உயர்வெப்ப எக்ஸ் கதிரில் அளந்திருக்கிறார்கள். எரிபொருள் வில்லைக்கும் அதைச் சுற்றியுள்ள உலோக உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது. வில்லை எவ்வளவு விரியும் என்று தெரியாமல் அந்த இடைவெளியை வடிவமைக்க முடியாது. இந்தோரில் இருக்கும் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானிலும் தூள் விளிம்பு விளைவுக்கான (தூளிலிருந்து கதிர் குறிப்பிட்ட கோணங்களில் திரும்புவதை அளப்பதற்கான) கற்றை வழி உண்டு.

முடிவில் எத்தனை தசம இலக்கம் எழுதலாம்?

மேலே பார்த்த மக்னீசியம் ஆக்சைடுக்கே திரும்புவோம். ஒவ்வொரு மாறிலியிலும் 0.0002 ஆங்ஸ்ட்ராம் பிழை என்று வையுங்கள், கவனமாக அளந்தால் எட்டக்கூடியதுதான். இரண்டின் வித்தியாசத்தில் சுமார் 0.0003 பிழை வரும், அது 0.055இல் அரை சதவீதம். வெப்பநிலையில் 20 டிகிரி பிழை இருந்தால் அது 975இல் 2 சதவீதம். ஆகவே 13.4 என்று எழுதும்போது கூடவே ± 0.3 என்று எழுத வேண்டும். 13.437 என்று எழுத இடமே இல்லை, மென்பொருள் ஆறு இலக்கம் காட்டினாலும் சரி.

100 டிகிரி இடைவெளியில் மட்டும் அளந்திருந்தால் மாறிலியின் மாற்றமே சுமார் 0.005தான் இருக்கும். அதே 0.0003 பிழை அப்போது 6 சதவீதமாகிவிடும்.

அட்டவணையில் குணகத்தோடு வெப்பநிலை எல்லை, சராசரியா கணநேரமா, எந்தச் சூழலில் அளந்தது, வெப்பநிலையை எதை வைத்துத் திருத்தியது ஆகிய நான்கையும் சேர்த்து எழுதுங்கள்.